ஹோகன் வாய் மூடி நின்ற வியாழக்கிழமை

ஹோகனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆறடி நாலங்குல உயரம். பிறந்ததிலிருந்து ஸ்வீடனின் ஸ்மோலாந்துக் காடுகளுக்கு நடுவில்தான் குடியிருக்கிறான். ஆனாலும் காட்டில் ஒரு எல்க் மானைக்கூடக் கண்ணால் பார்த்தவனில்லை. குதிரையை விட உயரமான மிருகம், பக்கத்துக்கொரு முறம் கட்டினாற்போல் விரிந்த கொம்பு, அதை எப்படி ஒருவன் பார்க்காமல் இருக்க முடியும்? எங்கள் ஊரில் தபால்காரி பார்த்திருக்கிறாள். பாதிரியார் தன் தோட்டத்து முட்டைக்கோஸுக்கு நடுவிலேயே பார்த்திருக்கிறார். ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரே ஒரு நாள் வந்து போகிறவன்கூடப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பார்த்துவிட்டுப் போகிறான். ஹோகன் கண்ணில் மட்டும் படவே இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஹோகனின் வாய்தான். மர அறுவை மில்லில் பதினேழு வருஷம் ரம்பத்தின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவனுடையது. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் பேசினால் ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மில்லை மூடிய பிறகுதான் பிள்ளைகள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். "மரம் தூக்கின கை மூக்கு தொடைக்கப் போயிடுச்சு" என்று மில் ஆட்கள் சிரித்தார்கள். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். இப்போது சிரித்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அவன் மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமைதோறும் ஹோகனும் கூட வேலை பார்க்கும் அனெலியும் ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். எல்லாம் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள். கம்பளித் தொப்பி, மழைக் கால்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஒரு சட்டை. மழை பெய்தால் போவார்களா என்று கேட்க வேண்டாம். மழை பெய்தால்தானே குட்டை இருக்கும், குட்டை இருந்தால்தானே குதிக்க முடியும்!

மூன்று வயதுக்காரனோடு காட்டில் போவதை நடை என்று சொல்லவே கூடாது. முந்நூறு மீட்டர் போக ஒரு மணி நேரமாகும். ஒரு நத்தை பாதையைக் கடந்தால் ஒன்பது பேரும் குந்திவிடுவார்கள், அது அக்கரை சேரும்வரை ஊர்வலம் நகராது. ஆரம்பத்தில் ஹோகனுக்குப் பொறுமை போய்விடும். மில்லில் இருந்தவரை ஸ்ப்ரூஸ் மரத்தைப் பார்த்தால் இத்தனை பலகை தேறும் என்றுதான் அவன் கண் கணக்குப் போட்டிருக்கிறது. முதல் வருஷத்தில் ஒரு நாள் ஒரு பொடிப்பெண் அவன் விரலைப் பிடித்து இழுத்து, "இந்த மரம் எப்ப தூங்கும்?" என்று கேட்டாள். அண்ணாந்து பார்த்தான். எவ்வளவு உயரம்! எத்தனை ஆயிரம் மரங்களை அறுத்திருப்பான், ஒன்றையாவது அடியிலிருந்து நுனிவரை நின்று பார்த்ததில்லை. அன்றைக்குக் கழுத்து வலிக்கும்வரை நின்று பார்த்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, மில் ஆட்களிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு இலையுதிர் காலம் வந்தால் பிள்ளைகளை விட அவன்தான் வியாழக்கிழமைக்குக் காத்திருப்பான். காற்றே இல்லாமல் பிர்ச் இலைகள் மஞ்சளாகக் கொட்டும். கொக்குகள் தெற்கே கத்திக்கொண்டு போகும்போது ஒன்பது வாயும் திறந்து வானத்தைப் பார்க்கும். பத்தாவதாக ஹோகனின் வாயும் திறந்திருக்கும்.

காட்டின் விளிம்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம் உண்டு.

"தொலைஞ்சு போனா என்ன செய்யணும்?" என்று ஹோகன் முழங்குவான்.

"மரத்தைக் கட்டிக்கணும்!"

"அப்புறம்?"

"அங்கயே நிக்கணும்!"

"நான் கூப்பிட்டா?"

"இங்க இருக்கேன்னு கத்தணும்!"

"சரி. காட்டு ராஜா வந்தா?"

எல்லாரும் உதட்டில் விரலை வைத்துக்கொள்வார்கள். காட்டு ராஜா என்றால் எல்க். ராஜா வந்தால் அசையக் கூடாது, மூச்சுக் காட்டக் கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்காது.

"ஆனா ராஜா வரவே மாட்டாரு," என்பான் ஆறு வயது மெல்க்கெர். "நீதான் இப்படிக் கத்துறியே."

அக்டோபர் மாத இரண்டாவது திங்கட்கிழமை எல்க் வேட்டை ஆரம்பமாகும். அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் காட்டுக்குப் போகிற கடைசி நாள். துப்பாக்கிகள் அலைகிற காட்டில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? அன்று காலையில் தன் மகள் டூவாவை விட வந்தான் யோர்கன். வேட்டைக் குழுவின் தலைவன், பழைய மில் ஆள்.

"என்ன ஹோகன், இந்த வருஷமாவது ஒண்ணு கண்ணுல படுமா? இல்ல, நான் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டுமா?"

"அனுப்பு, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன். எல்க்கு உன் மூஞ்சிய விட அழகாத்தான் இருக்கும்."

டூவா சிரிக்கவில்லை. ஐந்து வயது. அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் அதை எழுத்துப் பிசகாமல் செய்வாள்.

அன்று பாசிக்கு நடுவில் மெல்க்கெர் புனல்போல் குழிந்த ஒரு காளானைக் கண்டுபிடித்தான். எங்கள் காட்டுக் காளான் முதலில் ஒன்றுதான் தெரியும். கண் பழகியதும் பார்த்தால் பாசி முழுக்க அதுவாகவே இருக்கும். இல்லாத இடத்தில் ஆயிரம் முளைத்ததுபோல் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு நாலா பக்கமும் குனிந்தார்கள். ஹோகனும் குனிந்தான். அவன் செய்த முதல் தப்பு அதுதான். தொப்பி நிறையக் காளானோடு நிமிர்ந்து, ரொட்டி சாப்பிட எல்லாரையும் உட்கார வைத்து எண்ணினான். எட்டு. மறுபடி எண்ணினான். எட்டு.

"டூவா!"

பதில் இல்லை.

பதினோரு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. கிழக்கே சரிவில் ஏரி இருக்கிறது. அக்டோபர் ஏரி எவ்வளவு குளிரும் என்று அவனுக்குத் தெரியும். அனெலியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் குரல் நடுங்காமல் பிள்ளைகளுக்குப் பாலை ஊற்றிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ போ. பத்து நிமிஷம். அதுக்குள்ள நீ வரலன்னா நான் ஆளுங்களக் கூப்பிடுறேன்."

முதலில் ஏரிக்கரைக்கு ஓடினான். சேற்றில் சின்னக் கால்தடம் எதுவும் இல்லை. தண்ணீர் மேல் மஞ்சள் இலைகள் கலையாமல் கிடந்தன. "டூவா! டூவா!" அக்கரையிலிருந்து அவன் குரலே அவனுக்குத் திரும்பி வந்தது. இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவன் இதுவரை பெருமைப்பட்டிருக்கிறான். இப்போது அதுவே பயமுறுத்தியது. இந்தக் குரல் அவளுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. அப்படியானால்? அதற்கு மேல் அவன் யோசிக்க மறுத்தான். கால்கள் தாமாக மேட்டில் ஏறின.

மேட்டுக்கு மேலே முன்பு ஒரு குடிசை இருந்தது. வீடு விழுந்து கல் அஸ்திவாரம் மட்டும் மிச்சம். அதைச் சுற்றி யாரும் பறிக்காத ஆப்பிள் மரங்கள் மூன்று. முதலில் வாசனைதான் வந்தது, கீழே விழுந்து அழுகிப் புளித்து கள்ளாகவே ஆகிவிட்ட ஆப்பிள் வாசனை. அடுத்து ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

டூவா மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தைப் பட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். உயிரோடு, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். ஹோகன் வாயைத் திறந்தான். அவனைப் பார்த்த டூவா ஒரு கையை மட்டும் மரத்திலிருந்து மெதுவாக எடுத்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

அவள் கண் போன பக்கம் அவனும் பார்த்தான். ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் வெளுத்த பிர்ச் தண்டுகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று ஓரடி எடுத்து வைத்தது.

கால்! நாலும் கால்கள். அவற்றுக்கு மேலே, அவன் தலைக்கும் மேலே, கறுத்த ஒரு முதுகு. அந்த முதுகுக்கு முன்னால் கொம்பு. ராஜா குனிந்து ஆப்பிளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். டூவாவிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. தாடைக்குக் கீழே தாடி ஆடியது. மூக்கிலிருந்து ஆவி வந்து அவள் தொப்பி வரைக்கும் மிதந்து போனது.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடலாமா? ஆண் எல்க்குகள் இணை தேடும் கோபக் காலம் இது, ஓடினால் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்தது. கூப்பிட்டால் கத்து என்று சொன்னவனும் அவன்தான், ராஜா வந்தால் மூச்சுக் காட்டாதே என்று சொன்னவனும் அவன்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எது என்று அவன் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இரண்டில் எது பெரியது என்று ஐந்து வயதுப் பிள்ளை தனியாக நின்று முடிவு செய்திருக்கிறது. சரியாகவே முடிவு செய்திருக்கிறது.

ஹோகன் நின்றான். பேசவில்லை, இருமவில்லை. வாழ்நாளில் விழித்திருக்கும்போது அவன் இவ்வளவு நேரம் வாய் மூடி இருந்தது இதுதான் முதல் தடவை. காடு முழுக்கச் சத்தமாக இருப்பதை அப்போதுதான் கேட்டான். இலை இலைமேல் விழும் சத்தம், ஆப்பிள் பல்லுக்கடியில் நொறுங்கும் சத்தம், அந்தப் பெரிய நெஞ்சுக்குள் காற்று போய் வரும் சத்தம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய உயிர் இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது!

ராஜா தலையைத் தூக்கி ஹோகனைப் பார்த்தார். கண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஹோகன் தன்னை அறியாமல், இன்னும் கையிலேயே இருந்த தொப்பியை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்தான், அதிலிருந்த காளானெல்லாம் கொட்டியது. இந்த ஆளிடம் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றியதோ என்னவோ, ராஜா திரும்பிக்கொண்டார். கொஞ்சம் தள்ளாடி, கல் அஸ்திவாரத்தைத் தாண்டி, பிர்ச் மரங்களுக்குள் போய்விட்டார். அரை டன் உடம்பு போனதற்கு ஒரு சுள்ளிகூட ஒடிந்த சத்தம் கேட்கவில்லை.

டூவா மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். அதன் பிறகு மரத்தை விடாமலே, முழுத் தொண்டையில் கத்தினாள்:

"இங்க இருக்கேன்!"

ஹோகன் பாசியில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். பேச வாய் திறந்தால் அழுகைதான் வந்தது.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு," என்று டூவா விளக்கினாள். "முதல்லயே கேட்டுச்சு. ராஜா சாப்பிட்டுட்டு இருந்தாரு, அதான். நீ கத்துறப்ப எல்லாம் காதை மட்டும் இப்படி ஆட்டுனாரு."

பத்து நிமிஷக் கெடு முடிவதற்குள் டூவாவை அனெலியிடம் கொண்டுவந்து சேர்த்தான். அனெலி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. அன்று திரும்பி வரும்போது ஹோகன் மூன்று தடவை எண்ணினான், மூன்று தடவையும் ஒன்பது.

சாயங்காலம் யோர்கன் வந்ததும் ஹோகன் எதையும் மறைக்கவில்லை. காளானைப் பார்த்துக் குனிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான், எந்த இடம் என்பது மட்டும் பேச்சில் வரவில்லை. "தப்பு என்னோடதுதான். ரெண்டு விதியும் மோதிக்கும்னு நான் யோசிக்கவே இல்ல. நாளைக்கே எல்லாருக்கும் மாத்திச் சொல்லிக்கொடுக்கிறேன்." யோர்கன் பக்கத்திலிருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மகளைத் தூக்கி மடியில் வைத்து, அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "பத்தடியா?" என்றான். "பத்தடிகூட இல்ல," என்றான் ஹோகன்.

அதன் பிறகு மெல்ல மெல்ல யோர்கனுக்குள் இருந்த வேட்டைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். வேட்டைக்கு இன்னும் நாலே நாள்.

"சரி… கொம்புல எத்தன கிளை இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்காக ஹோகன் நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்தான். ஊரில் ஒவ்வொருவனும் தான் பார்த்த கொம்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறான், தன் முறை வந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட அவன் பல தடவை ஒத்திகை பார்த்திருக்கிறான்.

"தெரியல யோர்கன். நான் கொம்ப எண்ணல. அப்ப என் கணக்குல ஒரு பிள்ளை குறைஞ்சு இருந்துச்சு."

யோர்கன் மகளைப் பார்த்தான். "நீ எண்ணினியா? எங்க பாத்த? எத்தன?"

டூவா ஹோகனை ஒரு தடவை பார்த்தாள்.

"காட்டுல பாத்தேன்," என்றாள். "எனக்குப் பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும்ப்பா. அவரு பத்துக்கு மேல இருந்தாரு."