பையை எடுக்க வேண்டாம்

கார் பெயின்ட் பட்டறையில் அவரை எல்லோரும் 'மேட்சிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கிய கதவோடு எந்த வண்டி வந்தாலும் பழைய நிறத்தை ஒரு பார்வை பார்ப்பார், நாலு டப்பாவைக் கலப்பார், அதே நிறம் வந்து நிற்கும். முப்பத்தொரு வருஷமாக அந்த வாடையில்தான் மூச்சு விட்டார்.

ஒரு நாள் காலை பட்டறைக் கழிப்பறையில் சிறுநீர் செங்கல் நிறத்தில் போனது. நிறத்தில் அவர் கண் தப்பு பண்ணாது, ரத்தம்தான். ஆனால் துளி வலி இல்லை. அதையே சாக்காக வைத்து மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. துணி துவைக்கும்போது மனைவி கண்டுபிடித்தாள்.

"என்ன கறை இது?"

"பெயின்ட்."

"பெயின்ட் உள்பக்கமா ஒட்டுமா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீர்ப்பைக்குள் ஒரு கட்டி இருப்பதைச் சொன்னார். மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. இன்னும் தசை வரை இறங்கவில்லை, ஆனால் வேகமாக வளரும் ஜாதி.

"இதுல சிலது அங்கயே அடங்கிக் கெடக்கும். சிலது தசைக்குள்ள எறங்கி வெளிய பரவிடும். மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "ரிஸ்க்கே வேணாம்னா மூத்திரப்பையை இப்பவே எடுத்துடலாம். வெளிய, வயித்து மேல ஒரு பை மாட்டுவோம்."

"ஒரு பையை எடுத்துட்டு இன்னொரு பையா? அதுக்கு நான் இப்படியே போய்ச் சேர்றேன்" என்றார் மேட்சிங். மனைவி அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

இன்னொரு வழியும் இருந்தது. பையை விட்டுவைத்து, அதற்குள்ளேயே மருந்து செலுத்திக் கண்காணிக்கலாம். எது சரி என்று முடிவெடுக்க, எடுத்த கட்டியில் ஒரு துண்டை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா.

"அதுல என்னம்மா தெரியும்?" என்று கேட்டாள் மனைவி.

"கட்டிக்குள்ள எந்த மரபணு மும்முரமா வேலை செய்யுது, எது சும்மா கெடக்குதுன்னு அளப்பாங்க. பரவுற கட்டிக்கு ஒரு மாதிரி இருக்கும், அடங்குற கட்டிக்கு வேற மாதிரி. சத்தியம் பண்ண முடியாது. எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும்."

முடிவு வர மூன்று வாரம்; அதற்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை சுரண்டியும் பார்த்தார்கள். அந்த நாட்களில் வீட்டு ஜன்னல் கம்பி, அலமாரி, கேட் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மேட்சிங் பெயின்ட் அடித்தார். பட்டறையில் ஒரு சாம்பல் நிறக் கதவை முதல் முறையாகத் தப்பாகக் கலந்தார். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

ஒரு மத்தியானம் மூக்குக் கண்ணாடியைத் தேடி மனைவியின் கைப்பையைத் துழாவியபோது ஒரு காகிதம் கிடைத்தது. வயிற்றில் மாட்டும் பையை எப்படிக் கழற்றுவது, தோலை எப்படித் துடைப்பது, எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது என்று அவள் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸிடம் தனியாகப் போய்க் கேட்டு எழுதி வந்திருக்கிறாள். அவர் அதை மடிப்புக் கலையாமல் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

அடுத்த முறை டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன்பே, "எடுக்கணும்னா எடுத்துடுங்க டாக்டர். ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவோம்" என்றார்.

"இருங்க, இருங்க. எடுக்க வேண்டாம். அடங்குற பக்கம்தான் சாயுது. ரெண்டாந்தடவை சுரண்டிப் பாத்ததுலயும் ஒண்ணும் மிச்சமில்ல. ரெண்டையும் சேத்து வச்சுத்தான் சொல்றேன். மருந்து ஆரம்பிக்கலாம். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேமரா. அதுல டிமிக்கி குடுக்கக் கூடாது."

வெளியே வந்ததும் அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மூக்கைத் துடைத்தபடியே, "மூணு வாரம் மறைச்சீங்கல்ல, மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள்.

மருந்து எரிச்சலை அவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கேமராவுக்கு முந்தின நாள் மட்டும் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். போன வாரம் எட்டாவது கேமரா. சுத்தம். வரும் வழியில் மனைவி செருப்பு வாங்கக் கடையில் நுழைந்தாள். முக்கால் மணி நேரம் வாசலில் நின்றபோதும் அவர் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை.