பந்தைப் பார்க்கச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அன்றும் இன்றும் எங்களைத் தாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது. அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, மனசு லேசாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

அக்கா பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒற்றை அறையில் ஆறு பேர். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, சமையலையும் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே அக்கா கல்லூரி முடித்தார். அங்கேதான், கையில் கிளவுஸ் மாட்டிப் பந்து பிடிக்கும் சாஃப்ட்பால் ஆட்டம் பழகினார். பிறகு செம்பூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். அத்தானோடு கோவண்டியில் குடித்தனம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி விசாரிக்க வருபவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஞாயிறு காலைகளில் சுனாபட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் நம் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். முதல் பத்து நிமிடம் யாரும் பந்தைத் தொடக் கூடாது. எல்லோரும் குனிந்து கல் பொறுக்க வேண்டும். அதன்பிறகு, தரையோடு உருண்டு வரும் பந்தை எடுக்கப் பழக்குவார். நம் சந்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்து சாக்கடைக்குள் போய்விடும் என்று காலை நீட்டித் தடுத்துவிடுவார்கள். காலில் பட்ட பந்து எங்கோ தெறித்து ஓடும்.

"ஏட்டி, இங்க சாக்கடை இல்ல! முட்டிய மடக்கு, கிளவுஸத் தரையில விரி. பந்து உள்ள போறவரைக்கும் கண்ண எடுக்காத!" என்று அக்கா தொண்டை கிழியக் கத்துவார். பள்ளியில் பேசும் நாகரிகத் தமிழெல்லாம் மைதானத்தில் காணாமல் போய்விடும்.

பதினைந்து வயதில் என் மகளும் அங்கே போனாள். ஒருநாள் பந்து எகிறி அவள் கன்னத்தில் அடித்தது. எலும்பில் விரிசல், கண்ணுக்குக் கீழே நான்கு தையல். நான் நேராக அக்காவின் வாசலில் போய் நின்று, "ஒனக்குன்னு ஒரு பிள்ள இருந்தாத்தானே வலி தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

"எங் கவனக்கொறவுதான்" என்றார் அக்கா. அதன்பின் எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு ஈரலில் நோய் முற்றிவிட்டது என்று அத்தான் போன் செய்தபோதும் என் வீம்பு இறங்கவில்லை. கஞ்சி வைத்து மகளிடம் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பினேன், நான் போகவில்லை. மூன்றாம் நாள் தூக்குவாளியோடு திரும்பி வந்தவள், கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

"மம்மி, அன்னைக்குத் தப்பு பெரியம்மாவோடது இல்ல. மூஞ்சில அடிபட்டா எவன் கட்டுவான்னு நீதானே டெய்லி சொல்லுவ? பால் எகிறுனதும் பயந்து மூஞ்சியத் திருப்பிட்டேன். பெரியம்மா பாலப் பாருன்னுதான் கத்துனாங்க. பாத்திருந்தா கிளவுஸ்லயே புடிச்சிருப்பேன். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

உண்மைதான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஷூ மாட்டும்போது அதைத்தான் சொல்லி அனுப்புவேன்.

உடனே ஆட்டோ பிடித்தேன். மருத்துவமனைக் கட்டிலில் அக்கா பாதி ஆளாகக் கிடந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா, அந்தத் தழும்பப் பாக்கும்போதெல்லாம் நீ ஒன்னையே வைவ. நீ என்னைய வைதா எனக்குப் பழக்கந்தானே" என்றார். பிறகு, "கஞ்சில உப்பே இல்லட்டி. கோவத்துல போட மறந்துட்டியோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

அதன்பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். அத்தனை நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். தலை வாரிவிட்டேன், மருந்துக்காகச் சண்டை போட்டேன், பழைய கதையெல்லாம் பேசினோம். கடைசிக் காலையில் என் கையைப் பிடித்தபடியே போனார். அக்காவின் வலி தீர்ந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், முறை போட்டுக் காவல் இருந்த மைதானத்துப் பிள்ளைகளுக்கும், ஒருநாளும் என்னைக் குத்திப் பேசாத அத்தானுக்கும் எங்கள் நன்றி.

என் மகளுக்குத் தனியாக ஒரு நன்றி. பெரியம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தை அவள் மீறினாள். இன்னும் இருபது நாள் அதைக் காப்பாற்றியிருந்தால், என் அக்காவின் சாவுக்கு நான் ஊராரைப்போல வந்து, மாலை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.