கடலை குடோனில் ஒரு டிரம்காரர்

கல்யாணத்துக்குத்தான் நாள் பார்ப்பார்கள், கிட்டார் வாசிக்க எதற்கு நாள் என்பது எங்கள் கொள்கை. அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் கல்லூரி படித்த எங்களிடம் கொள்கைக்குக் குறைச்சலே இல்லை. கிட்டார்தான் ஒன்றே ஒன்று இருந்தது. அது என்னுடையது. திருச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதன் ஆறு தந்தியில் ஐந்துதான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் கிட்டார். பாடுகிறவன் என் வகுப்புத் தோழன், ஆலங்குடியில் கடலை மண்டி வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. மூன்றாமவர் கல்லூரிக்காரர் இல்லை. கல்யாணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வாசிக்கும் பேண்ட் செட்டில் சைடு டிரம் அடிப்பவர். செட் அவருடைய அப்பாவுடையது. சமஸ்தானம் இருந்தவரை அரண்மனை பேண்டில் கிளாரினெட் வாசித்த மனிதர் அந்த அப்பா. மகனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. ஆனாலும் நான் அவரை நீ, வா, போ என்பேன். அவர் என்னை நீங்க, வாங்க என்பார். சமத்துவம் சமத்துவம் என்று கல்லூரி வாசலில் தொண்டை கிழியக் கத்திய வாய்தான் அது. இதில் ஏதோ தப்பு இருக்கிறதே என்று ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் சங்கீதத்துக்கு அப்போது ஊரில் இடம் கிடையாது. ரேடியோவில் கேட்ட இங்கிலீஷ் பாட்டுகளை அர்த்தம் தெரியாமலே பாடுவோம். வீட்டில் வாசித்தால், “யாருக்குடா உசுரு போகுது?” என்று கேட்பார்கள். அதனால் எல்லாம் திருட்டுத்தனமாகத்தான் நடக்கும். பாடுகிறவனின் வாப்பா வியாபாரமாக மெட்ராஸ் போகிறார், புதுக் கடலை வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஆலங்குடியில் அவருடைய குடோன் காலி என்று தெரிந்ததும் மூன்று குழுக்களைக் கூட்டி ஒரு ராத்திரி வாசிப்பது என்று முடிவு செய்தோம். காரைக்குடியிலிருந்து அக்கார்டியன் வைத்திருந்த ஒரு குழு. திருச்சி பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆங்கிலோ இந்தியப் பையன்கள் நான்கு பேர், கிட்டாருக்குத் தந்தி வாங்கப் போன இடத்தில் எனக்குப் பழக்கமானவர்கள். அப்புறம் நாங்கள். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று எல்லோருக்கும் தோதாக இருந்தது. காலண்டரைக் கிழித்தோமே தவிர அதில் கீழே என்ன போட்டிருக்கிறது என்று எவனும் பார்க்கவில்லை.

டிரம்காரரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

“அதுக்கு மறுநாளு பெரிய முகூர்த்தமுங்க. ஞாயித்துக்கெழம ராத்திரி ஆலங்குடியிலயே மாப்பிள்ளை அழைப்பு. எங்க செட்டுதான் வாசிக்கிது.”

“எத்தனை மணிக்கு?”

“ஒம்போது மணிக்குப் பிள்ளையார் கோயில்லேருந்து கெளம்புது.”

“அப்ப ஏழு மணிக்கு வந்து வாசிச்சிட்டு ஓடிப் போ.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா முதுகுத் தோலை உரிச்சிருவாருங்க.”

“இதுக்கெல்லாம் பயந்தா எப்படி?” என்றேன். உரியப்போவது என் முதுகு இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை குடோனில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் இளவட்டம். உட்காரக் கடலைச் சாக்கு விரித்திருந்தோம். ஒவ்வொரு தடவை கை தட்டும்போதும் தூசி கிளம்பி எல்லோரும் தும்மினார்கள். உள்ளூர் மைக் செட்காரர் வந்து குழாய் ஸ்பீக்கரைக் கட்டப்போனார். வெளியே சத்தம் போகக்கூடாது என்று கெஞ்சி அதை உள்பக்கமாகத் திருப்பி வைத்தோம். “காது போனா என்னையக் கேக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

காரைக்குடிக்காரர்கள் வாசித்து முடிக்கும்போது நம் டிரம்காரர் வந்து சேர்ந்தார். ஜரிகை தைத்த சிவப்புக் கோட்டு, தலையில் தொப்பி, தோளில் டிரம். கல்யாண வீட்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. அவர் பார்வை முழுக்க மூலையில் இருந்த பொன்மலைக்காரர்களின் டிரம் செட் மேலேயே இருந்தது.

அந்த செட்டுக்கு அப்போது ஆள் இல்லை. அதை வாசித்தவன் போன மாதம்தான் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். பேண்ட் செட்டில் பெரிய டிரம் ஒருவர், சைடு டிரம் ஒருவர், தாளத் தட்டு ஒருவர் என்று மூன்று பேர் செய்கிற வேலையை இங்கே ஒரே ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும். காலால் மிதித்தால் பெரிய டிரம் அடிக்கும்.

“இதுல வாசிக்கிறியா?” என்று பொன்மலைக்காரர்களின் தலைவன் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

எங்கள் முதல் பாட்டு படுகேவலம். வாழ்நாளெல்லாம் நடந்துகொண்டே வாசித்தவர் அவர். உட்கார்ந்தால் கை வரவில்லை. “நடக்காம எப்புடிங்க அடிக்கிறது?” என்று பாட்டின் நடுவிலேயே என்னிடம் கேட்டார். கூட்டம் மறுபடி சிரித்தது. அடுத்த பாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் ஊர்வலத்தில் போவதுபோல மாற்றி மாற்றித் தூக்கி வைக்க ஆரம்பித்தார். வலது கால் இறங்கும்போது மிதியில் இறங்கியது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்! அம்மாடி, அந்த அடியை என்னவென்று சொல்வது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிரித்தவன் எல்லாம் எழுந்து நின்று ஆடினான். என் கிட்டாரில் ஒரு தந்தி அறுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்னையே ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் முறை முடிந்ததும் பொன்மலைக்காரர்கள் அவரை எழவிடவில்லை. தங்களோடு ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பாட்டை அவர் கேட்டதே கிடையாது. ஆனாலும் முதல் வரி முடிவதற்குள் அதன் நடை அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வேர்வையில் சிவப்புக் கோட்டு கறுத்துப் போயிற்று. பாட்டு முடிந்ததும் மணியைக் கேட்டார். ஒன்பதாக ஐந்து நிமிஷம். “அய்யய்யோ!” என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பொன்மலைத் தலைவன் என் தோளைப் பிடித்தான். “இவன் எங்களுக்கு வேணும் மேன். சனிக்கிழமைதோறும் ரயில்வே இன்ஸ்டிடியூட்ல டான்ஸ் இருக்கு, பெரிய ஊர்லேருந்தெல்லாம் கூப்பிடுறாங்க. தங்க என் வீடு இருக்கு. அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லு. மறக்காம சொல்லு.” விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். சொல்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாகக் கிட்டாரோடு மல்லுக்கட்டுகிறவன் நான். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை, நன்றாக வாசித்தாய் என்று ஒரு வார்த்தை சொன்னானா? இவர் போய்விட்டால் எங்கள் குழுவுக்கு யார் அடிப்பார்கள் என்றும் கவலை வந்தது. ஆனால் கவலை பிறகு வந்ததுதான். முதலில் வந்தது பொறாமை.

மறுநாள் சாயங்காலம் அவரே என்னைத் தேடிப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. ஊர்வலம் கிளம்பியபின் ஓடிப்போய்ச் சேர்ந்ததற்கு அப்பா கொடுத்தது.  வந்ததும் கேட்டார்.

“அந்தத் திருச்சி அண்ணங்க நான் போனதுக்கப்பறம் ஏதாச்சும் சொன்னாங்களா?”

விலாசம் என் பையிலேயே இருந்தது.

“ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

“சரிங்க” என்று போய்விட்டார்.

இரண்டே மாதம். முன்பே எழுதியிருந்த சர்க்கார் வேலைத் தேர்வில் தேறி எனக்கு மதுரையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கிட்டாரை விற்றேன். பாடுகிறவனிடம் சொல்லிக்கொண்டேன். டிரம்காரரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எனக்குக் கல்யாணம் நடந்தது, புதுக்கோட்டையில்தான். பெண் வீட்டார் பேண்ட் செட் ஏற்பாடு செய்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பன்று திறந்த காரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறேன், காருக்கு முன்னால் அதே மனிதர் டிரம் அடித்துக்கொண்டு போகிறார். கடைவீதி முழுக்க நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த முதுகு ஒரு முறை கூடத் திரும்பவில்லை.

பந்தல் வாசலில் இறங்கியதும் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். முதல் தடவையாக நீங்க என்றேன்.  “அன்னைக்கு அவங்க ஒங்களக் கூப்பிட்டாங்க. வேணும்னேதான் நான் ஒங்ககிட்ட சொல்லல. என்னைய மன்னிச்சிருங்க.”

“தெரியுமுங்க” என்றார். “ஒங்ககிட்ட சொல்லி அனுப்பியும் ஏன் வரலன்னு அடுத்த வாரமே மைக் செட்டு அண்ணங்கிட்ட அவங்க தாக்கல் சொல்லி விட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்பறம் ஏன் போகல?”

“நீங்க மறைச்சீங்கன்னா, நான் போறதுல ஒங்களுக்குச் சம்மதமில்லன்னுதானே அர்த்தம்? நம்ம மூணு பேரு செட்டுக்கு ஆளு வேணும்ல. வரலன்னு சொல்லி விட்டுட்டேன். அப்பறம் வாசிக்க நீங்க கூப்பிடக் காணோமேன்னு ரெண்டு மாசங்கழிச்சு டிரம்மத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க மதுரைக்குப் போயிட்டதாச் சொன்னாங்க.”

உள்ளேயிருந்து அவருடைய அப்பா கூப்பிட்டார். “வாரேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கழுத்து மாலையோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாப்பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ என்று பெண் வீட்டார் பயந்து போனார்கள்.