அறிவுமதியின் கரும்புச் சக்கை

அறிவுமதியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. கந்தக அமில பாட்டிலை அந்தப் பக்கம் வைக்கவே விடமாட்டாள். கரும்புச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் எடுப்பது அவளுடைய ஆராய்ச்சி. பிசின், மருந்து, கரைப்பான் என்று பலவற்றுக்கும் அது மூலப்பொருள். ஆலைகளில் பெரும்பாலும் அமிலம் ஊற்றித்தான் எடுக்கிறார்கள். மிச்ச அமிலம் எங்கே போகிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்? இவள் பண்ருட்டி முந்திரித் தோட்டிலிருந்து ஒரு கரி செய்து அதை வினையூக்கியாகப் போட்டாள். வேலை முடிந்ததும் வடிகட்டி, திரும்பத் திரும்ப அதையே போடலாம். அதை நிரூபிப்பதற்காகத் தன் இளமையில் பாதியை அந்த அறையில் கழித்தாள்.

அவளுடைய அப்பா கலியமூர்த்தி, கடலூர்ப் பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலையில் தொட்டி கழுவியவர். அதை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவருக்கு மிஞ்சியது ஆறாத இருமலும் தோல் உரியும் கைகளும்.

"விஷமில்லாம கெமிக்கல் பண்ண முடியும்னு எங்கப்பாவுக்குக் காட்டணும்டி" என்பாள். பட்டமெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

ஆரம்பத்தில் சிதம்பரத்திலேயே ஜூஸ் கடையில் சக்கை வாங்கி, ஆய்வகக் குழாயில் கழுவுவாள். கரி போட்டால் சொற்பம் வரும். போடாவிட்டால் ஒன்றும் வராது. வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத கலியமூர்த்தி அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஜூஸ் கடைகளில் சக்கை வாங்கி, வீட்டில் அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்புவார். அந்த மூட்டைகள் வர ஆரம்பித்ததும் ஃபர்ஃபுரால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அறை முழுக்கப் பாதாம் வாசனை. "எங்கப்பா கைராசிடி" என்று குதித்தாள். வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை வந்தது. எங்களில் பாதிப் பேருக்கு வயிறெரிந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருந்த சமயம், எங்கள் ஜூனியர் சார்லஸ் புவனகிரியிலிருந்து சக்கை கொண்டுவந்து அவள் முறைப்படியே செய்து பார்த்தான். பழைய சொற்பம்தான் வந்தது. அவன் ஏதோ சொதப்பிவிட்டான் என்று முதலில் அவனைத்தான் திட்டினோம். அவன் கொண்டுவந்த சக்கையில் அறிவுமதியே செய்தாள். அவளுக்கும் அதே கதி. கடைசியில் அப்பா அனுப்பிய சக்கையைக் கலனில் போட்டு, கரியே சேர்க்காமல் சூடேற்றினாள். மூடியைத் திறந்தால் ஃபர்ஃபுரால் எப்போதும் போல நிறைய வந்திருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்ல எந்தத் தண்ணில அலசறாரு?" என்று கேட்டேன்.

"போர் தண்ணிலதான். வேற எதுல அலசுவாங்க?"

அவர்கள் ஊரில் போர் தண்ணீரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். கழுவுகிற தண்ணீர் என்றால் அது கழுவத்தானே என்று வளர்ந்தவள். கரியை எத்தனையோ கருவிகளில் வைத்துச் சோதித்தவளுக்கு இதைச் சோதிக்கத் தோன்றவே இல்லை. ஒரு பாட்டில் பிடித்து வந்து பார்த்தோம். அந்தச் சாயத் தொழிற்சாலை மண்ணுக்குள் விட்டுப்போன குரோமியம் அதில் அப்படியே இருந்தது. சக்கை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது. கலனில் வேலை செய்தது அதுதான்.

"இப்ப என்ன அவசரம், கொஞ்சம் பொறு" என்று எங்கள் கைடு சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஆனால் அப்பாவிடம் சொல்வதுதான் அவளுக்குப் பெரிய பாரம். தனியாகப் போகத் தெம்பில்லாமல் என்னையும் கடலூருக்குக் கூட்டிப்போனாள்.

கலியமூர்த்தி குழாயடியில் சக்கை அலசிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. இந்த வாட்டி ஜாஸ்தியாவே சேத்து வச்சிருக்கேன்" என்றார்.

அவள் குழாயை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் கரி தோற்றுவிட்டது, வேலை செய்ததெல்லாம் இந்தத் தண்ணீர்தான் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். திட்டுவார், இல்லை தேற்றுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் படிப்பு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சக்கையையே ஒடைக்குதா இந்தத் தண்ணி?"

"ஆமாம்பா."

"ஒன்ன இதுலதானம்மா குளிப்பாட்டினோம்" என்றார்.