சகலையின் வால்வுப் பெட்டி

அந்தப் பெட்டியை நினைத்தாலே எனக்கு முதலில் தொடை வலிக்கிறது. கச்சேரிகளுக்குத் துணையாகச் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அது என் மடியில்தான் வரும். மேலே வைத்தால் குலுங்கும், கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது என் சகலை, மவுத் ஆர்கனை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் காற்று வாங்குவார். பெட்டி என்றால் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் கடையை மூடியபோது எடைக்குப் போடவிருந்ததை இவர் கெஞ்சி வாங்கி வந்தார். பார்க்கச் சின்னதுதான், தூக்கினால் ஆட்டுக்கல்.

சகலை கல்யாணங்களுக்குப் போகும் ஒரு லைட் மியூசிக் பார்ட்டியில் இருந்தார். அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் பார்ட்டியில் எல்லோரும் தயாரான பிறகும் அவர் பெட்டி தயாராகாது. சுவிட்சைப் போட்டால் வால்வுகள் மெல்லச் சிவந்து, பிறகுதான் சத்தம் வரும். கேட்டால், “இரு, சூடேறிகினு கீது” என்பார். மழைக்காலத்தில் ஈரக் கையால் தொட்டவனை அது சும்மா விட்டதில்லை. பாதிப் பாட்டில் எங்கிருந்தோ ரேடியோவைப் பிடித்துச் செய்தி வாசித்த நாளும் உண்டு. இத்தனை எரிச்சலுக்கும் நடுவே, பெட்டியின் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்தி அவர் ஊதினால், அழுது முடித்த ஆள் பேசுவதுபோல் கரகரவென்று ஒரு குரல் வரும். அது எனக்கும் பிடிக்கும். அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைவீதியில் குவிய ஆரம்பித்த வருஷங்கள் அவை. பார்ட்டி ஓனர் ஒரு கீபோர்டு வாங்கினார். வயலின், புல்லாங்குழல், மவுத் ஆர்கன் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வயலின்காரர் பெங்களூருக்குப் போனார், தபேலாக்காரர் குவைத்துக்குப் போனார். சகலையிடம் ஓனர், “திருப்பதி ரிசப்ஷன்ல பாத்துட்டு சொல்றேன்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது சகலையின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “கூடவே இரு தம்பி. வாயத் தொறக்காம வாசிச்சிட்டு வரச் சொல்லு.” வாயைத் திறக்காமல் மவுத் ஆர்கன் எப்படி வாசிப்பது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் டிரைவர் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைப்பார், தையல்காரர் மெஷினுக்கு வைப்பார். சகலை வால்வின் கண்ணாடிக்கே வைப்பார். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், கண்ணாடி ஆறியிருக்கும்போது. அன்று திருப்பதி மண்டபத்துக்கு ஓனர் சீக்கிரமே வந்துவிட்டதால் சகலை அவசரமாகச் சுவிட்சைப் போட்டுவிட்டார். வால்வு நன்றாகச் சிவந்த பிறகுதான் பொட்டு ஞாபகம் வந்தது. “வேணாம் அண்ணா, சுடுது” என்றேன். “சாமி காரியம் சகலை” என்று, வரவேற்பு மேசைச் சந்தனத்தில் விரலைத் தோய்த்து வைத்தார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் அது. டிக்கென்று கண்ணாடி விரிந்தது. வால்வுக்குள் வெள்ளிபோல் மின்னிய பூச்சு பாலாக வெளுத்துப்போனது, பெட்டி ஊமையாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சந்தனக் கிண்ணத்தை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

ஓனர் நல்ல மனிதர். பாடகரின் மைக்கை எடுத்துக் கொடுத்து, “இதுல வாசிப்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார். சகலை வாசித்தார். பெரிய ஸ்பீக்கர்களில் சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. முன்வரிசையில் இருந்த பெண் வீட்டார் “பாகுந்தி, பாகுந்தி” என்று தெலுங்கில் மெச்சித் தலையாட்டினார்கள். ஓனரும் தலையாட்டினார். அப்பாடா, வேலை தப்பியது என்று நான் மூச்சுவிட்டேன். அந்த நேரம் பார்த்து சகலை பாதிப் பாட்டில் நிறுத்தினார். மவுத் ஆர்கனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். மீதியைக் கீபோர்டுக்காரன் வாசித்து முடித்தான். மண்டபத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன், செத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

சில மாதங்களில் அவரும் குவைத்துக்குப் போனார், ஒரு வீட்டில் கார் ஓட்ட. இப்போது கல்யாணங்களில் ஒரே பையன் ஒரு பார்ட்டியையே வாசித்துவிடுகிறான். பெட்டி எங்கள் பீரோ மேல் கிடக்கிறது. போன முறை சகலை லீவில் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“அன்னைக்கு அந்த மைக்குல நல்லாத்தானே அண்ணா கேட்டுச்சி?”

“நல்லாத்தான் கேட்டுச்சி. அதுல யாரு ஊதினாலும் நல்லாத்தான் கேக்கும்” என்றார். ரசத்துக்குக் கையை நீட்டினார்.

அவர் பிள்ளைகள் அவர் பக்கத்தில் இல்லாமலேயே வளர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி ரசத்தை ஊற்றினாள். “கூடவே இரு தம்பி” என்று அன்று என்னிடம் சொல்லி அனுப்பியவள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.