திரும்புகால் வண்டியில் வில்லுக்குறிக்கு

கருப்பட்டி மூட்டைகளை இறக்கிவிட்ட மாட்டு வண்டியின் பலகைக்கு ஒரு மணம் உண்டு. பாகின் இனிப்பும் நனைந்த வைக்கோலும் மாட்டின் வியர்வையும் கலந்த மணம் அது. வெயில் ஏற ஏற இளகி மேலே வரும், கூடவே பலகை இடுக்கில் சிந்திக் கிடக்கும் தூளைத் தேடி எறும்புகளும் வந்து, நாங்கள் விரித்த ஓலைப்பாயைத் தாண்டி உடுப்புக்குள் ஏறும். என் சிறு வயதுப் பயணங்கள் எல்லாம் அந்த மணத்தோடும் அந்தக் கடிகளோடும்தான் நடந்தன.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தார். அம்மாவின் ஊர் தெற்கே வில்லுக்குறி; தக்கலையைத் தாண்டி, நாகர்கோவில் போகிற ரோட்டிலேயே இருக்கிறது. கிறிஸ்மஸுக்கும் கோடை விடுமுறைக்கும் அங்கே போவோம். அந்த ரோட்டில் பஸ் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன என்றாலும், எங்களைப் பொறுத்தவரை பஸ் என்பது ரோட்டோரம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய ஒரு பொருள்தான். தெற்கிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்குக் கருப்பட்டியும் வாழைக்குலையும் ஏற்றி வரும் வண்டிகள் சரக்கை இறக்கியபின் வெறுமனே ஊர் திரும்பும். அவற்றைத் 'திரும்புகால் வண்டி' என்பார்கள். பஸ் கூலியில் நாலில் ஒரு பங்கு கொடுத்தால் அதில் குடும்பமே ஏறிக்கொள்ளலாம்.

அப்பாவைக் கருமி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். என் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வழிச்செலவு ஒன்றுதான் அவருக்கு ஆகாது. பதினேழு வயதில் வேலை தேடி ஊரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே வந்தவர் அவர். நடக்கக் கால் இருக்கும்போது கூலி கொடுத்துப் போவது அவருக்கு ஒரு தப்புப் போலவே பட்டது. "வழியிலே போட்ட காசு ஆத்துலே போட்ட காசு" என்பார். ஆகவே புறப்படும் முந்தின நாளே அம்மா புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டுவாள். மரச்சீனிக் கிழங்கை அவித்துத் துணியில் முடிவாள். கூஜாவில் தண்ணீர் நிறையும். வழியில் ஒரு மோர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்ச் சேர்வதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதாகியிருந்த வருஷம், இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், வில்லுக்குறியிலிருந்து ஓர் அஞ்சல் கார்டு வந்தது. எழுதியிருந்தவர் பெரியப்பா. அம்மாவின் அக்காவான ரெபேக்காள் பெரியம்மாவுக்குச் சற்று சுகமில்லை என்றும், சௌகரியப்பட்டால் வந்து பார்த்துப் போகவும் என்றும் நாலு வரிதான் இருந்தது. தாயில்லாத அம்மாவைத் தலைவாரி, உடுப்புத் தைத்துக் கொடுத்து, மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தது வரை எல்லாம் பெரியம்மாதான். அம்மா அந்தக் கார்டை இரண்டு முறை வாசித்தாள். பிறகு, "இஞ்சேருங்க, நாளைக்குக் காலத்தே பஸ்ஸிலே போயிரலாமா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து பஸ் என்ற சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அப்பா கார்டை வாங்கி மறுபடி பார்த்தார். "அக்காவுக்கு எப்பவும் உள்ள இளைப்புதானே, ஞானம். மோசம்னா தந்தியில்லா அடிப்பாவ?" என்றார். அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். எதிர்த்துப் பேசவில்லை. அப்பா சாலைக் கடைத்தெருவுக்குப் போய், தாணு என்ற வண்டிக்காரரிடம் பேசி முடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடியும்போதே புறப்பட்டோம். திரும்புகால் வண்டி வண்டிக்காரரின் சௌகரியத்துக்குப் போகிற வண்டி. மலிவின் நிபந்தனை அது. ஏற்றம் வந்தால் மாடுகளுக்காக எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நெய்யாற்றின்கரையில் மாடுகளை அவிழ்த்து, வெயில் தாழும்வரை ஒரு புளியமரத்தடியில் கிடந்தோம். களியக்காவிளையில் ராத் தங்கினோம். வழக்கமாக அம்மா வழியெல்லாம் எனக்கு வேதாகமக் கதைகள் சொல்லிக்கொண்டு வருவாள். அன்று மாடுகளின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள் முற்பகலில் மார்த்தாண்டம் சந்தையை அடைந்தபோது தாணு வண்டியை நிறுத்தினார். தக்கலைக்குப் போக வேண்டிய மண்பானைகள் இருக்கின்றன, ஏற்றிக்கொண்டு போனால் தனக்கு நாலு காசு கிடைக்கும் என்றார். குயவர் வந்து சேரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் திருவனந்தபுரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று சந்தையருகே நின்றது. அதன் எஞ்சினுக்கு ஒருவர் தண்ணீர் ஊற்ற, கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "நாகர்கோவில், நாகர்கோவில்! ரெண்டு ஆளு ஏறலாம்" என்று கூவினார்.

அம்மா வண்டியிலிருந்து இறங்கி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். "நானும் பிள்ளையும் இதிலே போறோம். நீங்க பைய வண்டியிலே வாங்க" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

அப்பா மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார், அதன் வாயை அவிழ்த்தார், உள்ளே பார்த்தார். நான் வண்டியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறப் போகிறோம் என்ற சந்தோஷத்தில், வெட்கமாக இருக்கிறது சொல்ல, பெரியம்மாவை மறந்தேபோனேன். பிறகு அவர் பையை மறுபடி முடிச்சிட்டார். "முக்கால்வாசி வழி வந்தாச்சு. நாளைக்குக் காலத்தே அங்க இருப்போம். இதுக்குள்ளே என்ன ஆயிரப்போவுது?" என்றார். தண்ணீர் ஊற்றியவர் மூடியைத் திருகினார். பஸ் போய்விட்டது. அம்மா திரும்பி வந்து வண்டிச் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்தாள்.

பானைகள் வர மத்தியானம் தாண்டிவிட்டது. அவை உடையாமல் இருக்க மாடுகளை மெதுவாக நடத்தினார் தாணு. எங்களுக்கு வண்டியில் இடமில்லாமல் கூடவே நடந்தோம். தக்கலையில் இருட்டியது. மூன்றாம் நாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் வில்லுக்குறியில் இறங்கினோம்.

வேதக்கோயிலிலிருந்து ஆட்கள் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று நான் நினைத்தது ஞாபகமிருக்கிறது. பெரியம்மாவின் வீட்டு முற்றத்தில் இரண்டு பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் மகள் தங்கம், என்னைவிட நாலு வயது மூத்தவள், அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சித்தி, நேத்து மத்தியானம் வரைக்கும் ஞானம் வந்தாளா, ஞானம் வந்தாளான்னு கேட்டுக்கிட்டே கிடந்தாவ. மூணு மணிக்குத்தான் சித்தி..." என்றாள். சபைப் போதகரான ஐயருக்கு வேறு ஊரில் ஆராதனை இருந்ததால் காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மாவுக்கு அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

பெரியப்பா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு, "தந்தி அடிக்கணும்னு அவ அண்ணைக்கே சொன்னா. தந்திக்குக் காசு எதுக்குன்னு நான்தான் கார்டு போட்டேன், ஞானம். கார்டு போதும்னு நெனச்சிட்டேன்" என்று அழுதார். அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அம்மா பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதீங்க அத்தான்" என்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் அப்பாவுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரோட்டுக்கு வந்ததும் அவர் எங்களைப் பஸ் நிற்கும் ஆலமரத்தடியில் நிறுத்தினார். பஸ் வந்தது. அப்பா கை காட்டி நிறுத்தி, கூலியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏறு ஞானம்" என்றார்.

அம்மா அசையவில்லை. "வரும்போ ஏறாத பஸ்ஸிலே போம்போ எதுக்கு ஏறணும்? இனி அங்க யாரைப் பாக்கணும் அவசரமா?" என்று கேட்டாள்.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கூலி வைத்திருந்த கையைக் கீழே போடவில்லை. கடைசியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அதுதான் நான் ஏறிய முதல் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தக்கலை வந்தது, போயிற்று. மார்த்தாண்டம் சந்தை வந்தது. பானைக்காகக் காத்திருந்த இடத்தை நான் விரலால் காட்டவிருந்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டேன். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, அந்தப் புளியமரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. மூன்று மணி நேரத்துக்குள் திருவனந்தபுரத்தில் இறங்கி நின்றோம். அம்மா வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இம்புட்டுத் தூரந்தானா?" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் அந்தப் பேச்சை அவள் எடுத்து நான் கேட்டதில்லை. அப்பாவும் தன் பழமொழியைச் சொல்வதை விட்டுவிட்டார். தெற்கிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிப்பதற்கு முன்பே செருப்பைத் தேடுவார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின், ஒருநாள் அவரோடு தனியாக இருந்தபோது, சம்பந்தமே இல்லாமல், "சந்தையிலே அண்ணைக்கு நான் பையைத் தெறந்தேனே, நீ பாத்தியா, மக்ளே?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "காசு இருந்தது" என்றார். "இருந்தது, மக்ளே" என்று மறுபடியும் சொன்னார்.

சாலைக் கடைத்தெருவில் வண்டிகளை அவிழ்த்துப் போடும் பேட்டை இன்று இல்லை. அங்கே மாடி மாடியாகக் கடைகள் எழும்பிவிட்டன. தாணுவைப் போன்றவர்களின் பிள்ளைகள் லாரி ஓட்டப் போனார்கள். நெய்யாற்றின்கரைப் புளியமரத்தை ரோட்டை அகலமாக்கும்போது வெட்டிவிட்டார்கள். தம்பானூரில் ரயிலேறினால் பேப்பர் படித்து முடிப்பதற்குள் நாகர்கோவில் வந்துவிடுகிறது. அப்பாவும் அம்மாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரெபேக்காள் பெரியம்மாவை யாரும் ஒரு போட்டோகூட எடுத்து வைத்ததில்லை. அவள் முகம் தெரிந்தவர்கள் என்று இந்த உலகத்தில் மிச்சம் நானும் தங்கமும்தான். தங்கம் இப்போது படுக்கையில் இருக்கிறாள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். கிறிஸ்மஸுக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இல்லை, நாளைக்கே போக வேண்டும்.