தொப்பிப் படம்

கதாநாயகி தொப்பியைக் கழற்றுகிற இடம் வந்தால் ஆன்ட்டி பேச்சை நிறுத்திவிடுவார். அதுவரைக்கும், "இவன் சுத்த மக்கு கண்ணு, கட்டின பொண்டாட்டிய எதுக்க வெச்சுக்கிட்டுத் தெரியலையாமா" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பவர், அந்த இடத்தில் மட்டும் சோபாவின் நுனிக்கு நகர்ந்து வந்துவிடுவார். அந்தக் காலத்து ஹாலிவுட் காமெடி, கறுப்பு வெள்ளை. கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு போன மனைவி, ஒரு பெரிய தொப்பியும் வேறொரு பேருமாக அவன் வீட்டு விருந்துக்கே வந்து நிற்கிறாள். அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அவள்மேலேயே மறுபடியும் ஆசை வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். அப்போது அவள் தொப்பியைக் கழற்றுகிறாள். அவன் முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும்! படத்தின் ஆங்கிலப் பெயர் ஆன்ட்டியின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. அவருக்கு அது தொப்பிப் படம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நேர் கீழே ஆன்ட்டி, அங்கிள் வீடு. ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். அங்கிள் மருந்துக் கம்பெனியில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், வெளியே காலை வைக்க முடியாமல் பனி கொட்டிக்கொண்டிருக்க, டிவியில் பழைய படங்களைப் பார்த்துத்தான் ஆன்ட்டி இங்கிலீஷ் கற்றுக்கொண்டாராம். வெள்ளைக்காரத் துரை பேசுகிற வசனத்தை எல்லாம் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து கொங்குத் தமிழில் சொல்வாராம். "படத்தைவிட அது ஜோரா இருக்கும்" என்பார் ஆன்ட்டி. அங்கிளை அவர் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பக்கத்தில் பெண்டாட்டிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது சென்னைக்காரியான எனக்கு முதலில் தெரியாது. சொந்தத் தாய்மாமன் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அசடு வழிந்த கதையைச் சொல்லி இருவரும் என்னைப் பல வருஷம் கேலி செய்தார்கள்.

அங்கிளுக்கு மறதி வந்தது முதலில் காரில்தான் தெரிந்தது. ஹைவேயில் வழக்கமாகத் திரும்புகிற எக்ஸிட்டை விட்டுவிட்டு எங்கோ போய் நின்றார். டாக்டர் கார் சாவியை வாங்கி வைக்கச் சொன்னார். அப்புறம் சாமான்களின் பெயர் போயிற்று, என் பெயர் போயிற்று. ஒருநாள் காலையில் ஆன்ட்டி காப்பியை நீட்டி, "மாமா, சூடு ஆறுதுங்க" என்றபோது அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "யாருங்க நீங்க? என்ற சம்சாரம் மட்டுந்தான் என்னை அப்படிக் கூப்பிடுவா. அவ காதுல விழுந்தா என்னங்க ஆகறது?" இதை ஆன்ட்டி என்னிடம் சொல்லும்போது சிரித்தார். பெரிய ஜோக் மாதிரி, அவரைப் போலவே பேசிக்காட்டினார். பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றோடு அந்த வீட்டில் 'மாமா' போயிற்று. அவருக்கு இவர் 'மேடம்', யாரோ அனுப்பிவைத்த ஹோம் கேர் பெண்மணி. இவருக்கு அவர் 'சார்'. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யாரைப் பிடித்துத் திட்டுவது? கடவுளைத் திட்டலாம் என்றால் ஆன்ட்டி விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

தூரத்தில், பிளானோவில் இருந்த அவர்கள் மகள் வந்து பார்த்துவிட்டு அங்கிளுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்தாள். அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆன்ட்டி அதற்குள் பாதியாகியிருந்தார். "அம்மா, ஐ கான்ட் லூஸ் போத் ஆஃப் யூ" என்று அந்தப் பெண் அழுததை நானே கேட்டேன். அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஆன்ட்டி மாடி ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒருக்கா என்னை அவருக்கு அடையாளம் தெரிஞ்சுட்டாப் போதும் கண்ணு. அனுப்ப மாட்டேன். நானே கடைசி வரைக்கும் பாத்துக்குவேன்." கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, "தொப்பிப் படத்துல மாதிரி ட்ரை பண்ணிப் பாத்தா என்ன?" என்றும் கேட்டார். பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் மறுநாளே மால் முழுக்க அலைந்து, அகலமான விளிம்பு வைத்த நீலத் தொப்பி ஒன்றை வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில்தான் ஆன்ட்டிக்கு அலங்காரம். என்னுடைய நீளமான கவுன், லேசாக லிப்ஸ்டிக். கண்ணாடியைப் பார்த்து, "அய்யோ, கோமாளியாட்டம் இருக்கறேன்" என்று சிரித்த முகம், சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக இருந்தது. நான் முன்னதாகக் கீழே போய் அங்கிளோடு உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது. அங்கிளே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று எத்தனையோ மாதமாக நான் பார்க்காத உபசாரம். காப்பி போடுகிற சாக்கில் நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி ஊர் கேட்டார், அவர் சொன்னார். ஆன்ட்டி ஏதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். பனியில் வழுக்கி விழுந்த சம்சாரத்தைத் தூக்கப் போய்த் தானும் விழுந்த கதையை அவராகவே எடுத்துச் சொன்னார், ஒரு சொல் பிசகாமல். "அப்புறம்? அவங்க அழுதாங்களா?" என்று விழுந்தவரே கேட்டார். "எங்கீங்க அழுதா! என்னையப் பாத்துச் சிரிக்கறா!" நான் டிகாஷனை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். நடந்துவிடும் என்றே நம்பிவிட்டேன்.

அப்போதுதான் ஆன்ட்டி, "நான் இங்கயே இருந்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். அங்கிள் சட்டென்று எழுந்து நின்றார். கை இரண்டையும் கூப்பிக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. அவ கடைக்குப் போயிருக்கறா, வர்ற நேரம். நீங்க இங்க இருந்தா அவ மனசு சங்கடப்படும்." ஆன்ட்டி தொப்பியைக் கழற்றினார். முடி கலைந்து நெற்றியில் விழுந்தது. "மாமா, நான்தானுங்க" என்றார். அங்கிள் அந்த முகத்தை மரியாதையாக, பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் வாசல்வரைக்கும் கூடவே வந்து, வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். நான் ஆன்ட்டியின் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியபோது ஆன்ட்டி காரிடாரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "எனக்காகத்தான் கண்ணு என்னைய வெளிய அனுப்பிட்டாரு" என்றார். நான் கோட்டை அவர் தோளில் போர்த்திவிட்டேன்.

அந்த வாரமே அங்கிளை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அவர் நல்ல சட்டையாகக் கேட்டுப் போட்டுக்கொண்டு, சம்சாரம் வரப்போகிறாள் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். அந்த நம்பிக்கையாவது அவருக்கு மிஞ்சியிருக்கிறதே என்று நான் நினைத்துக்கொள்வேன். படத்தில் எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் தெளிந்துவிடுகிறது. இங்கே தெளிய எதுவும் இல்லை. ஆன்ட்டி தினமும் பஸ்ஸில் போகிறார். சனிக்கிழமைகளில் நான் டிரைவ் பண்ணி அழைத்துப்போகிறேன். போன சனிக்கிழமை அங்கிள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. சட்டை மாற்றவும் மாட்டேன் என்றாராம். ஆன்ட்டி பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்ட, இரண்டு வாய் வாங்கிக்கொண்டார். பிறகு ஆன்ட்டியின் கையைத் தள்ளிவிட்டு, "அவ வரமாட்டா மேடம்" என்றார். "என்னைய இங்க கொண்டாந்து தள்ளிட்டு நிம்மதியா இருக்கறா. அவ மூஞ்சிலயே இனி முழிக்க மாட்டேன்." ஆன்ட்டி அவர் வாயைத் துடைத்துவிட்டார். "சரிங்க சார்" என்றார். "இன்னும் ஒரு வாய் வாங்கிக்குங்க."